ரிக்கெற் விலையை ஏத்துறது ஓசிப் பாஸும்தான்

யாழ்ப்பாணத்தில நாடக ரிக்கெற் 1000 ரூபா வைக்கிறது ஏற்பாட்டாளரின்ர பேராசை எண்டு ஒரு கட்டுரை சொல்லுது. சும்மா ஒரு கணக்குப் பாருங்கோ. முழுநாள் மண்டப வாடகை, லைற், சவுண்ட், ஒப்பனை எல்லாமாய் 3,20,000 ரூபா எண்டு வையுங்கோ. 400 கதிரையில முன்பக்கம் 80 ஓசிப் பாஸுக்குப் போனால், மிச்சம் 320 பேர்தான் முழுச் செலவையும் சுமக்கினம், ஆளுக்கு 1000. அதே நாள் பின்னேரம் 3 மணிக்கும் ஒருக்கா மேடையேத்தினால், சாப்பாடு, கூலி எண்டு இன்னும் 40,000 வரும். அதுக்குப் பாஸ் குடுக்காட்டி மொத்தம் 720 ரிக்கெற், ஆளுக்கு 500.

இரவு ஆட்டம் முடிய வடமராட்சி, தீவுப் பக்கம் பஸ் பிடிக்கேலாது; ஓட்டோக் காசு ரிக்கெற்றை விழுங்கிப்போடும். 3 மணியெண்டால் அந்தச் சனமும் வரும். கூத்து இலவசம்தானே எண்டு இதோட ஒப்பிடாதேங்கோ. கோயில் வீதியில இலவசமெண்டாலும் உடுப்பு வாடகையும் மத்தளகாரரின்ர காசும் ஊர்ச் சனத்திட்டத் தண்டின காசுதான்.