கேங்ரீன் என்றால் பச்சை இல்லை

குடியாத்தத்தில் என் நைனா நாற்பது வருஷம் குழித்தறியில் லுங்கி நெய்தவர். சர்க்கரை வந்து ரொம்ப காலம் ஆகிறது. கால் கட்டைவிரல் ஓரத்தில் காயம் பட்டது அவருக்கே தெரியவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். "கேங்ரீன் ஆகலாம், பார்த்துக்கோங்க" என்று சொல்லி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அம்மா காதில் அது 'கிரீன்' என்று விழுந்திருக்கிறது. தினமும் விரலைப் பார்த்துவிட்டு, "பச்சையா மாறலைங்க, கருப்பாத்தான் இருக்குது" என்று நிம்மதியாக இருந்தார். பத்தாவது நாள் விரலை எடுத்தார்கள்.

அந்தக் கருப்புதான் கேங்ரீன். ரத்த ஓட்டம் நின்ற சதை வறண்டு சுருங்கும். கிருமிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ரத்தத்தில் உள்ள இரும்போடு சேர்ந்து அதைக் கருப்பாக்கும். பச்சைக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கிரேக்கத்தில் 'காங்கிரைனா' என்றால் உடம்பைத் தின்றுகொண்டே போகும் புண். லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கூடவே சொல்லப்படும் 'நெக்ரோசிஸ்', பிணம் என்று பொருள்படும் 'நெக்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லில் பிறந்தது. திசு சாவதற்கு அது பொதுப்பெயர். ரத்தம் போகாமல் விரல், பாதம் என்று பெரிய பகுதியாகச் செத்தால் கேங்ரீன்.

இதைப் படித்தபோது எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது. "புண்ணு அரிச்சுத் தின்னுடுச்சு", "சதை செத்துப்போச்சு" என்பார். பள்ளிக்கூடமே போகாதவர். கிரேக்கர் சொன்னதும் அதேதான். அந்த வார்த்தையை அன்றைக்கு அம்மாவிடம் யாராவது சொல்லியிருக்கலாம் இல்லையா? "விரல் கருத்தா சதை சாகுதுன்னு அர்த்தம், அன்னைக்கே ஓடி வாங்க." அவ்வளவு போதும்.

காயம் ஏன் தெரியவில்லை என்பதற்கும் நம் வேலூரிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1946இல் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை என்று எடுத்துக்காட்டினார். மரத்துப்போன கைகாலில் அடியும் சூடும் உறைக்காது, அதனால்தான் புண் ஆகி விரல் போகிறது. சர்க்கரையில் நரம்பு கெட்ட காலுக்கும் இதே கதிதான்.

சர்க்கரை உள்ள வீட்டில் விரலிடுக்கு, குதிகால் எல்லாம் தினமும் பாருங்கள். கருத்தாலும், நாற்றம் அடித்தாலும், வலியே இல்லாத புண் இருந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். டாக்டர் இங்கிலீஷில் சொன்னால், "தமிழ்ல சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இப்போது ராத்திரி சாப்பாடு ஆனதும் அம்மா டார்ச் அடித்து நைனாவின் இரண்டு பாதத்தையும் பார்க்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.