டீசலும் வேணும், ஹைப்ரிடும் வேணும்னா…

பெருந்துறையில் இருக்கும் என் மச்சான் இந்தத் தீபாவளிக்குள் வண்டி மாத்தியே தீருவது என்று நிற்கிறார். போன் போட்டால் வேறு பேச்சே கிடையாது. "ஏனுங்க மாப்ள, பெட்ரோல் ஹைப்ரிட்டே லிட்டருக்கு இருபத்து மூணு குடுக்குதுங்கறாங்க. அதே மோட்டாரையும் பேட்டரியையும் டீசல்ல போட்டா முப்பதுக்கு மேல குடுக்கோணுமல்ல? ஏன் ஒருத்தனும் போட மாட்டேங்கறான்?"

இன்ஜினோடு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த வண்டிதான் ஹைப்ரிட். கேள்வியில் தப்பில்லை. டீசல் என்றால் நம்மூர்க்காரனுக்குத் தனிப் பாசம். தோட்டத்து ஆயில் இன்ஜின், திருச்செங்கோட்டு ரிக் வண்டி, நாமக்கல் லாரி என்று அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒருத்தரும் போடவில்லை என்பது சரியில்லை. 2011-இல் பிரான்ஸின் பெஜோ கம்பெனி 3008 ஹைப்ரிட்4 என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. முன் சக்கரத்துக்கு 2 லிட்டர் டீசல் இன்ஜின், 163 குதிரைசக்தி. பின் சக்கரத்துக்கு 37 குதிரைசக்தி மோட்டார். நடுவில் ராடு எதுவும் போகாமலே நாலு சக்கரமும் இழுக்கும். அருமையான யோசனை, எனக்கு இன்னும் பிடிக்கும். அடுத்த வருஷம் வால்வோ V60-இல் வீட்டில் சார்ஜ் போடும் டீசல் ஹைப்ரிட் வந்தது. ஃபோக்ஸ்வாகன் XL1 என்று இரண்டே சிலிண்டர் டீசலோடு, 100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது என்ற கணக்கோடு, வெறும் 250 வண்டி செய்தார்கள். மெர்சிடிஸ் இன்றைக்கும் விடாமல் செய்கிறது. ஆனால் பெஜோ சில வருஷம் கழித்து அதே ஹைப்ரிட்4 பெயரை எடுத்துப் பெட்ரோல் வண்டியில் ஒட்டிவிட்டது. மச்சான் கேள்விக்கு அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி இன்ஜினுக்குள் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்தால், உள்ளே போகிற காற்றை ஒரு தகடு மறிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விடுவது மாதிரிதான், அந்த இழுபறியிலேயே சக்தி வீணாகும். காந்திபுரம் சிக்னலில் ஊர்ந்து போகும்போது பெட்ரோல் வண்டி குடிகாரனாக மாறுவதற்கு இது முக்கியக் காரணம். ஹைப்ரிட் சரியாக அந்த நேரத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஓட்டும், பிரேக் பிடித்தால் கரண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். டீசலில் காற்றை அப்படி மறிக்க வேண்டிய அவசியம் இல்லை. வேகம் வேண்டாம் என்றால் டீசலைக் குறைத்துத் தெளித்தால் போதும். மெதுவாகப் போகும்போதும் அது ஏற்கெனவே சிக்கனக்காரன். பிரேக்கில் வீணாவதை இங்கேயும் மிச்சம் பிடிக்கலாம்தான். ஆனால் இன்ஜினுக்குள் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

கணக்காகவே பார்ப்போம். வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் பெரிய பெட்ரோல் வண்டி ஹைப்ரிட் ஆனதும் 18 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் நானூறு லிட்டருக்கு மேல் மிச்சம். அதாவது வருஷத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த இரண்டு லட்சம் ஐந்து வருஷத்தில் கைக்கு வந்துவிடும். 15 கொடுக்கும் டீசல் 17 ஆனால்? மிச்சம் 118 லிட்டர்தான், பதினோராயிரம் ரூபாய். அதே இரண்டு லட்சத்தை எடுக்கப் பதினெட்டு வருஷம் ஆகும். டீசல் இன்ஜினே பெட்ரோலைவிட விலை கூட, அதன் மேல் ஹைப்ரிட் விலை வேறு. கோயம்புத்தூர்க்காரன் பணம் போடுகிற கணக்கா இது?

விலையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது புகைச் சிக்கல். 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பிஎஸ்6 விதி வந்தபோது டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது. மாருதி டீசலையே கைவிட்டது. மற்றவர்கள் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டியும், சில வண்டிகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியாத் தொட்டியும் சேர்த்துச் சமாளித்தார்கள். வடிகட்டியில் சேர்ந்த கரி தானாக எரிய வேண்டுமென்றால் அதற்குள் 550, 600 டிகிரி சூடு ஏற வேண்டும்.

திருப்பூரில் என் பெரியப்பா பையன் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கும் பனியன் கம்பெனிக்கும் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. டீசல் எஸ்யூவி வைத்திருக்கிறார், எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. மாதம் தவறாமல் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். சர்வீஸில் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: "பைபாஸ்ல ஏறி அறுபதுக்கு மேல இருபது நிமிஷம் நிக்காம ஓட்டுங்க சார், தானா எரிஞ்சுரும்." அண்ணன் விடிகாலையில் அவிநாசி போய்ப் பைபாஸில் ஏறி, செங்கப்பள்ளி வரைக்கும் சும்மா போய்விட்டுத் திரும்புவார். வழியில் ஒரு டீ. வண்டிக்காக மனுஷன் நடைப்பயிற்சியையே விட்டுவிட்டார்!

இப்போது அந்த இன்ஜினோடு ஹைப்ரிட்டைச் சேர்த்துப் பாருங்கள். ஊருக்குள் ஓட்டும்போது இன்ஜின் அடிக்கடி அணையும், புகைக்குழாய் ஆறிப்போகும். வடிகட்டியும் யூரியாவும் சூட்டை எதிர்பார்த்து நிற்க, ஹைப்ரிட் அந்தச் சூட்டையே குறைக்கும். எரிபொருளை மிச்சம் பிடிக்கப் போய், பிறகு கரியை எரிக்கக் கொஞ்சம் டீசலைச் செலவழிக்க வேண்டும். இதைச் சமாளிக்க முடியாது என்றில்லை, மெர்சிடிஸ் சமாளிக்கிறது. அந்த விலைக்கு நம்ம பக்கம் ஒரு ஏக்கர் தோட்டம் கிடைக்குமா என்று மச்சான் விசாரிப்பார்.

ஆனால் மலைப்பாதை என்று வந்தால் நானும் கொஞ்சம் கட்சி மாறுவேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. டீசல் வண்டியில் ஏறியவர்களுக்குத் தெரியும். வளைவில் வேகம் செத்து, இரண்டாவது கியரில் ஆர்பிஎம் 1500-க்குக் கீழே இறங்கிவிடும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ முழிக்கும் வரைக்கும் வண்டி மூச்சு விடாது. பின்னால் காய்கறி லாரி ஹார்ன் அடிப்பான். திடீரென்று டர்போ பிடித்ததும் வண்டி எகிறும், பின் சீட்டில் பாட்டிக்கு வாந்தி வரும். அந்த ஒன்றிரண்டு நொடியை ஒரு சின்ன மோட்டார் நிரப்பிக் கொடுத்தாலே போதும். இறங்கும்போது பிரேக்கில் சூடாகப் போகிற சக்தியில் கொஞ்சத்தைப் பேட்டரிக்கு அனுப்பலாம், சின்ன பேட்டரி சீக்கிரம் நிறைந்துவிடும் என்றாலும்.

இதற்குப் பெரிய பேட்டரி தேவையில்லை. 2015-இல் மாருதி சியாஸ், எர்டிகா டீசலில் வந்ததே அந்த மாதிரிச் சின்ன ஏற்பாடுதான். இன்ஜினைக் கிளப்பவும் கரண்ட் எடுக்கவும் பெல்ட்டில் மாட்டிய ஒரு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், கொஞ்சம் பெரிய லெட்-ஆசிட் பேட்டரி. பானட்டைத் திறந்து, "மோட்டார் எங்கீங்க?" என்று நான் கேட்டதற்கு ஈரோட்டுப் பட்டறைக்காரர் ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். மோட்டாரிலேயே தனியாக ஓடாத அதையெல்லாம் ஹைப்ரிட் என்று சொல்லி மானியமும் வாங்கினார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். 2017-இல் அரசு அந்த மானியத்தை நிறுத்தியது சரி. ஆனால் அதே வருஷம் ஜிஎஸ்டி வந்தபோது பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு 28 வரியும் 15 செஸ்ஸும் சேர்த்து 43 சதவீதம் போட்டார்களே, அதில் நிஜ ஹைப்ரிட்டும் சேர்ந்து அடிவாங்கியது.

சின்ன ஏற்பாடு இப்போது 48 வோல்ட்டாக, லித்தியம் பேட்டரியோடு திரும்பி வந்திருக்கிறது. 2025-இல் டொயோட்டா ஃபார்ச்சூனர் டீசலிலேயே போட்டிருக்கிறார்கள். நாற்பது லட்சத்துக்கு மேல் கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். பதினைந்து லட்சத்து டீசல் வண்டியில் இது வந்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

இடையில் மச்சான் இன்னொன்றும் கேட்டார், ஈரோடு லோகோ ஷெட்டில் நிற்கும் டீசல் இன்ஜினும் ஹைப்ரிட்தானே என்று. டீசல் எலக்ட்ரிக்தான், ஹைப்ரிட் இல்லை. அங்கே டீசல் இன்ஜின் கரண்டை எடுக்கும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், இழுவைக்குப் பேட்டரி கிடையாது. அவ்வளவு பெரிய இழுவையைக் கிளட்சும் கியரும் தாங்காது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மைலேஜுக்காகச் செய்ததில்லை.

மச்சானுக்கு நான் சொன்னது: வாரம் இரண்டு தடவை சேலம், கொச்சி என்று பைபாஸில் ஓடுகிறவர் நீங்கள், சாதா டீசலே எடுங்கள். அக்கா ஓட்டப்போவது ஈரோட்டு டவுனுக்குள் என்றால் பெட்ரோல் ஹைப்ரிட்டைப் பாருங்கள். இரண்டையும் ஒரே வண்டியில் கேட்காதீர்கள். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் 48 வோல்ட் டீசல் வைத்துக்கொண்டு திம்பம், வால்பாறை அடிக்கடி ஏறி இறங்குகிற சொந்தபந்தங்கள் யாராவது இருந்தால் மைலேஜ் என்ன வருகிறது என்று கீழே எழுதுங்கள். மீட்டரில் காட்டுவது வேண்டாங்க, டேங்க் ஃபுல் பண்ணி, ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணிப் பார்த்த கணக்கு வேணும்.