மலைக்கடியில் செயற்கைச் சூரியனா?

"இத்தாலியில் மலைக்கு அடியில் செயற்கைச் சூரியன் செய்கிறார்கள், வெடித்தால் ஐரோப்பாவே காலி" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. கிரான் சாஸ்ஸோ மலையில் 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே லூனா (LUNA) என்ற அணுக்கரு ஆய்வில் நடப்பது, சிறிய துகள்முடுக்கியால் புரோட்டான்களை நைட்ரஜன் போன்ற இலக்குகள் மேல் பாய்ச்சி, விண்மீனுக்குள் தனிமங்கள் என்ன வேகத்தில் உருவாகும் என்று கணக்கெடுப்பதுதான். ஹீலியம்-3 (ஹீலியத்தின் லேசான வகை) சோதனையில், மிகக் குறைந்த ஆற்றலில், மாதத்துக்குச் சுமார் இரண்டே அணுக்கரு வினைகள்தான் சிக்கின. இதில் வெடிக்க என்ன இருக்கிறது? அந்தப் பாறையும் நம்மைக் காக்க அல்ல, விண்வெளியிலிருந்து வந்து அளவீட்டைக் குழப்பும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலை வடிகட்ட. 2004இல் வந்த அளவீட்டில், நைட்ரஜனும் புரோட்டானும் இணையும் வினையின் வேகம் பழைய மதிப்பில் கிட்டத்தட்ட பாதி, அதனால் மிகப் பழைய விண்மீன் கொத்துகளின் கணக்கிட்ட வயது 70 முதல் 100 கோடி ஆண்டு வரை கூடிவிட்டது. சந்தேகம் இருந்தால் கிரான் சாஸ்ஸோ ஆய்வகத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். ஃபார்வர்டு உங்களுக்கு வந்தால், தயவுசெய்து அதோடு நிறுத்திவிடுங்கள்.