‘இதுவும் சளிக்குத்தான்க்கா’

ஒரு மருந்து பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் இங்கே எல்லோருக்கும் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறோம், சொத்தை இருந்தால் திருப்பிப் போடுகிறோம், யாரும் எதுவும் சொல்வதில்லை. பிள்ளைக்குக் கொடுக்கிற சிரப்பைத் திருப்பிப் பார்த்தால் மட்டும் ‘ரொம்பப் படிச்சவ’ என்ற பட்டம்.

போன வாரம் என் மூன்று வயது மகனுக்குச் சளி, காய்ச்சல். டாக்டர் பார்த்தார், சீட்டு எழுதினார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப், 5 எம்எல்லில் 250 மி.கி. உள்ளது, வேளைக்கு 3.5 எம்எல். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு. மூக்கொழுகலுக்கு ஒரே ஒரு மருந்து மட்டும் உள்ள சாதாரண சிரப். அவ்வளவுதான். நல்ல டாக்டர், குறை சொல்ல மாட்டேன்.

குறை எல்லாம் தெருமுனை மெடிக்கலில் ஆரம்பித்தது. மூன்றாவது சிரப் அவர்களிடம் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம், நான் அடுத்த கடைக்குப் போயிருப்பேன். அந்தப் பையன் அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தான். “இதுவும் சளிக்குத்தான்க்கா. நல்லா மூவ் ஆகுது.”

“இதுல என்ன தம்பி இருக்கு?”

“சளி மருந்துக்கா.”

“பார்மசிஸ்ட் இருக்காரா?”

“அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு.”

அந்த அண்ணனை நான்கு வருடமாகச் சுவரில் மாட்டிய சான்றிதழில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எப்போது போனாலும் சாப்பிடத்தான் போயிருக்கிறார். பின்னால் நான்கு பேர் நின்றார்கள், ஒருவர் செருமினார், தோளில் குழந்தை சிணுங்கியது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது என் தப்பு.

ராத்திரி இரண்டு சிரப்பும் கொடுத்தோம். மறுநாள் காலை பத்து மணி வரை பிள்ளை எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, உடனே சொருகிக்கொள்கிறான். அத்தைக்கு ஒரே சந்தோஷம். “மருந்து கேக்குது பாரு, அசந்து தூங்குறான்.” தெருவில் யாரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பிள்ளை துவண்டு கிடப்பதைக் குணமாவது என்று நினைக்கிற நாம் எப்போது திருந்தப் போகிறோமோ தெரியவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். எறும்பு கூட கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும், அப்படி ஓர் எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். கடைசி இரண்டு வரியை விலைச் சீட்டு ஒட்டி மறைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டி எடுத்தேன், அதில் இருந்ததை அப்புறம் சொல்கிறேன். மருந்துப் பட்டியலில் இருந்தது இது: 5 எம்எல்லில் பாராசிட்டமால் 125 மி.கி., கூடவே மூக்கொழுகலை நிறுத்தித் தூக்கத்தையும் கொண்டுவருகிற குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்கென்று சேர்க்கிற பினைலெஃப்ரின்.

பாராசிட்டமால்! அதுதானே காய்ச்சல் சிரப்பிலும் இருக்கிறது? என் மகன் எடை 12 கிலோ. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு. உச்சமாகப் பார்த்தாலும் 180 மி.கி. டாக்டர் எழுதிய 3.5 எம்எல்லில் 175 வந்துவிடுகிறது, சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் இந்த ‘சளி மருந்து’ 5 எம்எல்லில் 125. மொத்தம் 300. இப்படியே வேளாவேளைக்கு நான்கு நாள் கொடுத்திருந்தால் அந்தச் சின்னக் கல்லீரல் என்னவாகியிருக்கும்?

உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். “யாரு இதைக் கொடுத்தது? நிறுத்துங்க, பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க” என்றார். நல்லவேளை, ஒரு வேளையோடு போனது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சடிக்கச் சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரிலேயே உத்தரவு போட்டுவிட்டது. நான் சுரண்டிப் பார்த்த இடத்தில் இருந்தது அந்த வரிதான். எச்சரிக்கை மேலேயே விலையை ஒட்டுகிற சாமர்த்தியத்தை என்ன சொல்ல?

சரி, அந்தப் பினைலெஃப்ரினாவது உபயோகமா? வாய்வழியாகக் குடித்தால் மூக்கடைப்புக்கு அது வேலை செய்வதில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இங்கே அது ஜம்மென்று வியாபாரம் ஆகிறது. பெரியவர்களுக்கான சில சிரப்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஒரு மருந்து இருமலை அடக்கும், அதே பாட்டிலில் இன்னொன்று சளியை இளக்கி மேலே கொண்டுவரும். இளகி வந்த சளியை இருமித் துப்பவும் விடாது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைக்கு 120 ரூபாய்.

இதையெல்லாம் சொன்னால் ‘பயமுறுத்தாதே’ என்கிறார்கள். ஏன் பயப்படக் கூடாது? 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப் போனார்களே, அவர்கள் குடித்த சிரப் எங்கிருந்து போனது? நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து. அதிலும் இதே மூன்று மருந்துதான், பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின். கொன்றது இந்த மூன்றும் இல்லை, கூடக் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற ஆலைக் கரைப்பான். 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாத விஷம் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டுச் சோதனையில் தெரிந்தது. கிட்டத்தட்ட பாதி பாட்டில்! 1973-இலேயே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதே விஷத்துக்கு 14 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. ஐம்பது வருடம் கழித்தும் அதே கதை.

அந்த விஷம் லேபிளில் இருக்காது, நாக்குக்கும் தெரியாது. தித்திப்பாகத்தான் இருக்கும். எந்தத் தாயும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் 2025 அக்டோபரில் மத்திய அரசின் சுகாதார இயக்ககம் சொன்னது: 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே வேண்டாம், 5 வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை. தானாகச் சரியாகிற சளிக்கு வேண்டாத பாட்டிலை ஏன் வீட்டுக்குள் விட வேண்டும்? ஆனால் சிரப் எழுதாத டாக்டரை ‘ஒண்ணும் தெரியாதவர்’ என்று சொல்கிற ஊரில் யாரிடம் போய் இதைச் சொல்வது?

அப்புறம் இந்த அளவு மூடி. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் நிறமே இல்லாமல் புடைத்த கோடு. 2.5 எது, 5 எது என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது இரண்டாம் நாளே தொலைந்துவிடும், உடனே கரண்டி வரும். ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து வீட்டுக் கரண்டிகளை ஒருநாள் அளந்து பார்த்தேன். டீயில் சர்க்கரை போடுகிற கரண்டி 3 எம்எல். அத்தை மருந்துக்கென்று எடுக்கிற பாயசக் கரண்டி 8 எம்எல். இரண்டுக்குமே எங்கள் வீட்டில் பெயர் ‘ஒரு ஸ்பூன்’.

பிள்ளை கதை இப்படி என்றால் மாமனார் கதை வேறு. மாமாவுக்கு 71 வயது. பிரஷர் மாத்திரை போடுகிறார், ப்ராஸ்டேட் வீக்கமும் உண்டு. வீட்டில் எல்லோரும் இருமுவதைப் பார்த்து அவருக்கும் இருமல் வந்தது. ஃபிரிட்ஜ் கதவில் என் கணவருக்கு எட்டு மாசத்துக்கு முன்னால் வாங்கிய வறட்டு இருமல் சிரப் இருந்தது, அதிலும் அதே குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் உண்டு. இடது மூலையில் ஆர்எக்ஸ் போட்ட பாட்டில், டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாதது. மாமாவுக்கு மூடியும் தேவையில்லை, கரண்டியும் தேவையில்லை. வாய் வைக்காமல் அண்ணாந்து இரண்டு மடக்கு ஊற்றிக்கொண்டார், சொம்புத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார். ஒன்றுக்கு முட்டிக்கொண்டு நிற்கிறது, வரவில்லை. அடிவயிறு கல் மாதிரி. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எவ்வளவு பெரிய மனிதர், குழந்தை மாதிரி அழுதார். ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய், ட்யூப் போட்டு எடுத்தபிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “சளிக்கு ஏதாவது சிரப் குடிச்சாரா?” ப்ராஸ்டேட் உள்ளவர்களுக்குக் குளோர்பெனிரமின் நீர்ப்பை சுருங்குவதை மந்தமாக்கும், பினைலெஃப்ரின் அதன் வாயை இறுக்கும் என்றார். சளிக்காலத்தில் இப்படிப் பெரியவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்களாம்.

பிள்ளைக்குச் சீட்டு எழுதிய டாக்டர் கடைசியில் சொன்னது என்ன தெரியுமா? ஒரு வயது தாண்டிவிட்டதால் தேன் அரை ஸ்பூன் கொடுங்கள், வெதுவெதுப்பாகக் குடிக்க ஏதாவது கொடுங்கள், மூக்குக்குச் சொட்டுப் போடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, குடிக்க மறுத்தாலோ நேரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும், பதறாதீர்கள். இதில் வியாபாரம் எங்கே இருக்கிறது? அதனால்தான் எந்தக் கடையிலும் யாரும் இதைச் சொல்வதில்லை.

நேற்று மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக ஃபிரிட்ஜைத் திறந்தார்.

“அந்த இருமல் சிரப்ப எங்கம்மா வச்ச?”

“கொட்டிட்டேன் மாமா.”

“கொட்டிட்டியா? கால் பாட்டில் இருந்துச்சேம்மா!”