இரண்டு பேரும் தோற்கும் ஒரு பேய்ப்படம்: 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' பார்த்தவர்களோடு ஒரு வாக்குவாதம்

ஜான் கார்ப்பென்டரின் 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' 1987ல் வந்த படம். இன்றும் அதைப் பார்த்து முடித்தவர்கள் இரண்டு கட்சியாகத்தான் பிரிகிறார்கள். "பேய்ப்படம் என்று உட்கார்ந்தால் இயற்பியல் வகுப்பு எடுக்கிறார்கள்" என்று ஒரு கட்சி சலித்துக்கொள்கிறது. "அறிவியல் என்று நம்பி உட்கார்ந்தால் கடைசியில் சாத்தானிடம் கொண்டுபோய் விடுகிறார்கள்" என்று இன்னொரு கட்சி கோபப்படுகிறது. மதம் ஜெயித்ததா, அறிவியல் ஜெயித்ததா என்பதுதான் இருவருக்கும் கேள்வி. அந்தக் கேள்வியே இந்தப் படத்துக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. இங்கே இரண்டுமே தோற்கின்றன. பேய்ப்படங்களில் அது எவ்வளவு அரிது என்பதை நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கைவிடப்பட்ட ஒரு பழைய தேவாலயம். அதன் நிலவறையில் ஒரு பெரிய கண்ணாடி உருளை, உள்ளே சுழலும் பச்சைத் திரவம். ரகசியத் துறவியர் சபை ஒன்று அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறது. கடைசிக் காவலரும் இறந்துபோக, சாவி ஒரு பாதிரியாரின் கைக்கு வருகிறது. டொனால்ட் பிளசென்ஸ் நடித்த இந்தப் பாதிரியாருக்குப் படத்தில் பெயரே கிடையாது. அவர் உதவி கேட்டுப் போவது ஒரு குவாண்டம் இயற்பியல் பேராசிரியரிடம். அந்த வேடத்தில் நடித்தவர் விக்டர் வாங். பேராசிரியர் தன் ஆய்வு மாணவர்களையும் வேறு துறை ஆட்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு, கருவிகளோடு ஒரு வார இறுதிக்கு அங்கே வந்து தங்குகிறார். அந்தத் திரவம்தான் சாத்தான். அதற்கும் மேலே ஒரு தகப்பன் இருக்கிறான், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கடவுளுக்கு எதிர்க்கடவுள்.

நாம் பார்த்துப் பழகிய பேய்ப்படங்களில் இந்த விஷயம் எப்படி நடக்கும்? டாக்டரோ விஞ்ஞானியோ முதலில் நம்ப மாட்டார். படம் அவருக்குப் பாடம் புகட்டும். கடைசியில் சிலுவையோ மந்திரமோ வந்து காப்பாற்றும். அதாவது, அறிவியல் தலைகுனிந்து மதத்திடம் வழிவிட வேண்டும். எனக்கு இந்த அமைப்பின் மேல் வெகுநாள் கோபம் உண்டு. சந்தேகப்படுவதை ஒரு குற்றமாகக் காட்டி, அதற்குத் தண்டனையாகப் பேயை அனுப்பும் கதை அது. இதற்கு நேர்மாறாக, எல்லாவற்றுக்கும் மூளைக்கோளாறு என்றோ யாரோ செய்த சூழ்ச்சி என்றோ விளக்கம் சொல்லி முடிக்கும் படங்களும் உண்டு. அவற்றில் நம்புகிறவன் முட்டாளாக்கப்படுவான்.

கார்ப்பென்டர் இரண்டையும் செய்யவில்லை. விஞ்ஞானிகள் இங்கே அதிக நேரம் மறுத்துக்கொண்டு நிற்பதில்லை. அளக்கிறார்கள், பழைய நூலை மொழிபெயர்க்கிறார்கள், அதற்குள் வகையீட்டுச் சமன்பாடுகள் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். உருளை பல லட்சம் ஆண்டு பழையது என்றும், உள்ளிருந்துதான் திறக்க முடியும் என்றும் தெரிந்துகொள்கிறார்கள். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் சரியான விடை கையில் வந்து சேரும்போது வெளியே போகும் வழி அடைபட்டுக் கிடக்கிறது.

பாதிரியாரின் நிலை இன்னும் கொடுமை. தீமை என்பது மனித மனத்தில் உள்ள இருட்டு என்று அவர் வாழ்நாள் முழுக்கப் போதித்திருக்கிறார். அது ஒரு பொருள், தொட்டுப் பார்க்கலாம், எடை போடலாம் என்பது அவருடைய சபைக்கு முன்பே தெரியும். தெரிந்தே மறைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அவர் தன்னை ஒரு விற்பனையாளன் என்றே சொல்லிக்கொள்கிறார். பிளசென்ஸின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள். பேயைப் பார்த்து வந்த பயம் இல்லை அது, தன் வாழ்க்கையே வீணாகப் போய்விட்டதோ என்ற பயம்.

"மதத்தைக் கேவலப்படுத்துகிறார்கள்" என்று சொல்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. இயேசு வேற்றுக் கிரகத்தவர் என்று படம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. நம்பிக்கை உள்ளவருக்கு அது சுருக்கென்று தைக்கும். ஆனால் நம்பிக்கையை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று இவ்வளவு மரியாதையோடு காட்டிய திகில் படங்கள் அதிகம் இல்லை. கேலி செய்ய நினைத்தவர் அந்த வேடத்துக்குப் பிளசென்ஸைப் போட்டிருக்க மாட்டார்.

மதத்தையும் அறிவியலையும் கலக்கவே கூடாது என்று சொல்பவர்களுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927லும், அது ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931லும் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கருத்தைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது, லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கவே அவர் விரும்பினார். அது நேர்மையான நிலைப்பாடு. நிஜ வாழ்க்கையில் எனக்கும் அதில் உடன்பாடுதான். கதை வேறு. ஒன்றைப் பயன்படுத்தி இன்னொன்றை நிரூபிக்கப் பார்க்கும் கதை என்றால் எனக்கும் எரிச்சல் வரும். இந்தப் படம் எதையும் நிரூபிக்கவில்லை. அறிவியலின் கற்பனைக்குள் என்ன பயம் ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறது.

அந்தப் பயம் கண்ணாடியில் இருக்கிறது. 1928ல் இயற்பியலாளர் டிராக் எழுதிய சமன்பாட்டிலிருந்து எதிர்த்துகள் என்ற எண்ணம் பிறந்தது. 1932ல் ஆண்டர்சன், எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு துகளுக்கும் எதிரான ஒன்று உண்டு என்றால், எல்லாவற்றையும் ஆளும் ஒரு மனத்துக்கும் எதிரான ஒன்று இருக்குமோ? பேராசிரியர் கேட்பது இதைத்தான். இயற்பியல் தெரிந்தவர்கள் உடனே குறுக்கிடுவார்கள்: எதிர்ப்பொருளால் ஆன கை இந்த உலகத்துக்குள் நீண்டால், தொட்ட மாத்திரத்தில் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும். ஒரு கிராம் எதிர்ப்பொருளே போதும், ஹிரோஷிமா குண்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெடிப்பு. சரியான ஆட்சேபணைதான். படம் அதற்குப் பதில் சொல்வதில்லை.

ஆனால் கண்ணாடியைப் பற்றி இயற்பியலில் இதைவிட விசித்திரமான ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் தெரியும் உலகமும் நம் உலகத்தின் விதிகள்படியேதான் நடக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1956ல் லீ, யாங் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் அதைச் சந்தேகித்தார்கள். அதே ஆண்டு இறுதியில் சியென்-ஷியுங் வூ என்ற பெண் விஞ்ஞானி கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைக் கடுங்குளிரில் வைத்துச் சோதனை செய்தார். எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே அதிகம் வெளியேறின. கண்ணாடி உலகத்தின் விதி வேறு, நம்முடைய விதி வேறு. 1957ல் லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது, வூவுக்குக் கிடைக்கவில்லை. அந்த அநியாயத்தைச் சொல்லாமல் இந்தப் பத்தியைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. இதைத் தெரிந்துகொண்டு படத்தின் கடைசிக் கண்ணாடிக் காட்சியைப் பார்த்தால், "சும்மா கண்ணாடியைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்" என்று சொல்ல வாய் வராது.

அப்புறம் அந்தக் கனவு. படத்தைத் திட்டுகிறவர்கள்கூட இதை ஒப்புக்கொள்கிறார்கள். தேவாலயத்தில் தூங்கும் எல்லோருக்கும் ஒரே கனவு வருகிறது. நடுங்கும் வீடியோப் படம், தேவாலய வாசல், அங்கே ஒரு கரிய உருவம், அலைவரிசை கிடைக்காத வானொலியைப் போல இரைச்சலோடு ஒரு குரல். இது கனவு அல்ல, 1999ஆம் ஆண்டிலிருந்து அனுப்புகிறோம் என்று அந்தக் குரல் சொல்கிறது. இந்தக் காட்சியை வீடியோவில் எடுத்து, டிவி திரையில் ஓடவிட்டு, மறுபடியும் படம்பிடித்திருக்கிறார்கள். செலவு பெரிதாக ஆகியிருக்காது. இந்தப் படத்தில் என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது அது மட்டும்தான்.

மதத்தில் கனவு என்பது மேலிருந்து வருவது. பைபிளில் யோசேப்புக்கும் தானியேலுக்கும் கனவின் பொருளைக் கடவுள் விளக்குகிறார். இங்கே மேலே யாரும் இல்லை. எதிர்காலத்தில் மாட்டிக்கொண்ட மனிதர்கள், தங்களுக்கு முந்தைய மனிதர்களின் தூக்கத்துக்குள் புகுந்து உதவி கேட்கிறார்கள். தீர்க்கதரிசனம் என்று மதம் சொன்னதை, டாக்கியான் என்ற துகள் வழியாக வரும் ஒலிபரப்பாகப் படம் மாற்றிவிடுகிறது. மதமும் அறிவியலும் உண்மையில் கலக்கும் இடம் இதுதான். பச்சைத் திரவத்தில் அல்ல.

டாக்கியான் என்பது ஒளியைவிட வேகமாகப் போகக்கூடும் என்று கற்பனை செய்யப்பட்ட துகள். பெயர் வைத்தவர் ஜெரால்ட் ஃபைன்பெர்க், 1967ல். அதற்கு முன்பே, 1962ல், அப்படிப்பட்ட துகள்களுக்குச் சார்பியலில் இடம் உண்டு என்று கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர் இ. சி. ஜி. சுதர்சன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், 1980களில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஹாலிவுட் பேய்ப்படத்தின் நடுவே அவருடைய யோசனையின் நிழல் விழுவதைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. டாக்கியான் இதுவரை எந்தச் சோதனையிலும் அகப்படவில்லை. 2011ல் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியை முந்தியதாக ஓபரா சோதனைக் குழு அறிவித்தது. மறு ஆண்டே, சரியாகப் பொருந்தாத ஒரு ஒளியிழைக் கேபிளும் கடிகாரக் கோளாறும்தான் காரணம் என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் குழு செய்ததைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தது, வெளியே சொன்னார்கள், பிழையையும் வெளியே சொன்னார்கள். படத்தில் சபை இரண்டாயிரம் ஆண்டு மறைக்கிறது. பேராசிரியரும் மாணவர்களிடம் எதற்காக வரச் சொன்னேன் என்று முதலில் வாயே திறப்பதில்லை. பெரியவர்கள் இருவரும் விஷயத்தைத் தங்களுக்குள் வைத்துக்கொள்கிறார்கள், விலை கொடுப்பது இளையவர்கள். பல பேர் பேசித் தள்ளும் "மாணவர்கள் யார் யார் என்றே நினைவில் நிற்கவில்லை" என்ற குறை எனக்கும் உண்டுதான். ஆனால் அவர்கள் ஒவ்வொருவராக விழும்போது, இவர்களுக்கு யாரும் ஒழுங்காக எதையும் சொல்லவில்லையே என்ற ஆத்திரம் மட்டும் நிற்கிறது.

எனக்கு இந்தப் படத்தின் மேல் உள்ள பெரிய குறை வேறு. அதைப் பற்றி மிகச் சிலரே பேசுகிறார்கள். தேவாலயத்தைச் சுற்றி வளைப்பவர்கள் வீடில்லாமல் தெருவில் வாழும் மக்கள். ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் அவர்களில் ஒருவராக வருகிறார், சைக்கிள் துண்டால் ஒருவரைக் குத்திக் கொல்கிறார். எறும்பும் புழுவும் எப்படித் தீமையின் வசமாகின்றனவோ, அதே வரிசையில் இவர்களையும் படம் வைக்கிறது. ஒரு பெயர் இல்லை, ஒரு வசனம் இல்லை. பாதிரியாரின் மனவேதனைக்கு அவ்வளவு நேரம் கொடுத்த படம், வாசலில் நிற்கும் ஏழையை வெறும் மிரட்டலாக மட்டும் பார்க்கிறது. மறு ஆண்டே கார்ப்பென்டர் எடுத்த 'தே லிவ்' படத்தில் அதே நகரத்தின் தெருவோர மக்கள் பக்கம் நின்றார் என்பது தெரியும். அது இந்தப் படத்தின் தவறைச் சரிசெய்துவிடாது. மதம் புண்பட்டது என்பவர்கள் இதையும் கேட்டிருக்க வேண்டும். இரக்கம் மதத்தின் விஷயம்தானே.

மற்ற குறைகளில் சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. காதல் காட்சிகள் ஒட்டவில்லை. நகைச்சுவைக்கென்று வைத்த பையன் பாதி இடத்தில் எரிச்சலூட்டுகிறான். முதல் பாதி மெதுவாகத்தான் போகிறது, ஆனால் கார்ப்பென்டரும் ஆலன் ஹோவர்த்தும் போட்ட அந்த அதிரும் சிந்தசைசர் இசை இருக்கும்போது எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை. எடுத்த செலவு சுமார் 30 லட்சம் டாலர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முடிவுக்கு வருகிறேன். எதிர்க்கடவுளின் கை கண்ணாடி வழியாக வெளியே வரப் போகிறது. காதரின் என்ற மாணவி, சாத்தான் புகுந்த தோழியைத் தள்ளிக்கொண்டு தானும் கண்ணாடிக்குள் பாய்கிறாள். பாதிரியார் கோடரியால் கண்ணாடியை உடைக்கிறார், அவள் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்கிறாள். அவளைக் காப்பாற்ற ஜெபமும் இல்லை, சமன்பாடும் இல்லை. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகவே முடிவெடுத்தாள். அதற்குப் பிறகு அதே கனவு மறுபடியும் வருகிறது, இந்த முறை வாசலில் நிற்கும் உருவம் காதரின்.

இதை வைத்துப் பார்த்தவர்கள் பல விதமாகச் சண்டை போடுகிறார்கள். எச்சரிக்கை அனுப்பியதால்தான் அவள் உள்ளே போனாள், அதனால்தான் 1999ல் அவள் வடிவில் அது வெளியே வருகிறது, ஆக எச்சரிக்கையே ஆபத்தை உண்டாக்கியது என்பது ஒரு வாதம். டாக்கியானால் இறந்தகாலத்துக்குச் செய்தி அனுப்பினால் இப்படிப்பட்ட முரண்பாடுதான் வரும் என்று பென்ஃபோர்ட், புக், நியூகோம்ப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1970லேயே எழுதியிருக்கிறார்கள். கனவு மாறியிருக்கிறது, அப்படியென்றால் எதிர்காலமும் மாறக்கூடியதுதான், இன்னும் நேரம் இருக்கிறது என்பது இன்னொரு வாதம். "1999 வந்து போய்விட்டதே, இனி என்ன" என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில்: பச்சைத் திரவத்தை நம்பிப் பார்த்தவர்கள் காலண்டரை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

நான் இரண்டாவது வாதத்தின் பக்கம். முதலில் வந்த கனவில் அந்த உருவத்துக்கு முகமே இல்லை, கடைசிக் கனவில் இருக்கிறது. அவள் அந்தப் பக்கம் இன்னும் அவளாகவே இருக்கிறாளா என்பதுதான் எனக்குத் தீராத கேள்வி. படம் பார்த்தவர்கள் இதில் எந்தப் பக்கம் என்று கீழே சொல்லுங்கள், காரணத்தோடு.