பொம்மை மான் பற்றி ஒரு திருத்தம்

"பொம்மை மானை எங்கே வைத்தாலும் ஆண் மான் வரும், காற்றைப் பார்க்க வேண்டியதில்லை, நம்ம குமுளிப் பக்கத்திலும் செய்யலாம், சுடாதவரை குற்றமில்லை" என்று, வேட்டைக்கு மானை இழுக்க வைக்கும் பொம்மை மானைப் பற்றிய ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நான் கம்பத்துக்காரன். இதில் ஒன்றுகூடச் சரியில்லை.

அந்த வீடியோ அமெரிக்காவின் வெள்ளைவால் மானைப் பற்றியது. அங்கே காற்றுதான் பாதி வேலை. வரும் கிடா (ஆண் மான்) நேராக வராது. சுற்றி வந்து, காற்று தன் மூக்குக்கு வரும் பக்கத்தில் நின்று மோந்து பார்க்கும். அதனால்தான் பொம்மையிலிருந்து காற்று தன் பக்கம் வீசுகிற மாதிரி, சுமார் 20 மீட்டர் தள்ளி வேட்டைக்காரர் இருப்பார். பொம்மை கிடாவாக இருந்தால் அதன் முகம் அவரைப் பார்த்திருக்கும், ஏனென்றால் எதிரி முகத்துக்கு நேரே வந்துதான் முறைக்கும். கைவாடை ஒட்டாமலிருக்க ரப்பர் கையுறை வேறு. அதுவும் இணைசேரும் பருவத்தில், அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பெரும்பாலும் நவம்பரில்தான், நன்றாக எடுபடும்.

தேக்கடியில் நாம் பார்ப்பது மிளா, அது வேறு வகை மான். அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. (பழக்கிய மானைக் கட்டி மானைப் பிடிப்பது நமக்குப் புதிதில்லை, சங்கப் பாட்டில் எயினர் என்னும் வேட்டுவரின் முற்றத்து விளாமரத்தில் கட்டியிருந்த 'பார்வை' மான் அதுதான்.)

சட்டத்துக்கு வருவோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் சுடுவது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவுக்குப் போனாலும் இதே சட்டம்தான், தம்பி.