ஊர்ப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர நினைக்கிறவர்களுக்கு

திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும் என்று கேட்பது நம் செட்டிநாட்டில் புதிதில்லை. காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் கொடுத்த மண் இது. இப்போது சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்களில் பலர் கேட்பது, "தொடக்கப் பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிப் போட்டுவிடலாமா?" என்றுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருப்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். நல்ல மனசோடு கேட்கிறார்கள், அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

போர்டை அரசே கொடுத்துவருகிறது. 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் தொடக்கப் பள்ளிகளுக்கு என்று திட்டமிட்டு, ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினியும் தந்திருக்கிறார்கள். அதனால் வாங்குவதற்கு முன், உங்கள் ஊர்ப் பள்ளியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கரண்ட் போனால் தாங்க பேட்டரி இருக்கிறதா, நெட் வருகிறதா, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பொருளுக்குப் பணம் தர ஆள் கிடைக்கிறது. பராமரிப்புக்குத் தரத்தான் யாரும் முன்வருவதில்லை.

இன்னொன்று, நம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் நிறைய ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதிக் காட்டுகிற நேரத்தில், அதே அறையில் மூன்றாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. தொழில்நுட்பம் உதவ வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. அந்த இடத்துக்குப் பெரிய திரைகூடத் தேவையில்லை. ஒரு சின்ன ஸ்பீக்கரில் கதை ஓடட்டும், கதை முடிந்ததும் நாலு கேள்வி, பிள்ளைகள் நோட்டில் பதில் எழுதட்டும். அந்தப் பத்து நிமிடம் டீச்சர் கடைசி பெஞ்சில் தடுமாறுகிற பிள்ளையிடம் போய் உட்கார முடியும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ழகரம் பெரும்பாலும் ளகரமாகத்தான் வரும். மளை, பளம் என்றுதான் வீட்டில் பேசுகிறோம், அதில் தப்பும் இல்லை. ஆனால் எழுதும்போது பிள்ளை குழம்பிவிடுகிறது. நாலாம் வகுப்பு டீச்சர் ஒருவர், பாடத்தை வாசிக்கச் சொல்லித் தன் போனில் பதிவு செய்து அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டினார். அந்தப் பெண் பிள்ளை போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவை வாசிக்கிறேன் டீச்சர்" என்றாள். மறுபடி பதிவு, மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை நாக்கு மேலே மடிந்தது. அதற்கப்புறம் வரிசையாக எல்லாப் பிள்ளைகளும் "எனக்கும், எனக்கும்" என்று நின்றார்கள். இதற்கு ஆன செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

போர்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே டீச்சர் ஆத்தங்குடிக்குப் போய், தரையில் பதிக்கிற அந்த ஊர்க் கல்லைச் செய்கிறதை வீடியோ எடுத்து வந்து போர்டில் காட்டினார். கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், அதன் கட்டங்களில் ஒவ்வொரு நிறமாக ஊற்றுவது, மேலே மணலும் சிமெண்டும், பிறகு தண்ணீரில் ஊற வைப்பது. சூளையே கிடையாது, பளபளப்பு கண்ணாடியிலிருந்தே வருகிறது. வகுப்பில் சிலருடைய அப்பாமார் பார்க்கிற வேலையே அது. அப்புறம் ஒரு கல்லின் படத்தைத் திரையில் பெரிதாக்கி, எங்கே மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும் என்று கேட்டார். பிள்ளைகள் ஓடி வந்து விரலால் கோடு போட்டார்கள். கடையில் வாங்கும் எந்தப் பாட வீடியோவிலும் இது இருக்காது.

சாதனம் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பெரு நாட்டைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தார்கள். 2012-இல் வந்த ஆய்வு, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் குறிப்பிடும்படி முன்னேற்றமில்லை என்றது. ஆனால் டெல்லியில் மாலை நேர மையங்களில் நடந்த ஒரு சோதனையில் நாலரை மாதத்திலேயே நல்ல பலன் கிடைத்தது. அங்கே இருந்த மென்பொருள், பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் பிள்ளைக்கு எதுவரை தெரியும் என்று பார்த்து அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியது. சொல்லித் தர ஆளும் பக்கத்தில் இருந்தார்.

நம் தமிழ்நாட்டிலேயே கொரோனாவுக்குப் பின் நடந்ததும் இதைத்தான் சொல்கிறது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டத்தால் வந்தது என்றும் கிராமப்புறப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு காட்டியது. தெருவில் பத்திருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித் தந்தவர்கள் நம் அக்கா தங்கைகள்தான். பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் நிறைய வீடுகளில் ஒரே போன், அது காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது.

டீச்சர்களின் ஒரு குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருகைப் பதிவு, மதிப்பீடு என்று ஒவ்வொன்றையும் செயலியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. நெட் சுற்றிக்கொண்டே இருக்கும்போது பிள்ளைகளின் நேரம்தான் போகிறது. தொழில்நுட்பம் டீச்சருக்கு வேலையைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அதனால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, கல்வெட்டில் யார் பெயர் என்று பேசுவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் வகுப்பில் உட்காருங்கள். தலைமை ஆசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பேட்டரி என்பார், மூன்று வருட நெட் கட்டணம் என்பார், நல்ல ஸ்பீக்கர் என்பார், மாலையில் பிள்ளைகளோடு உட்கார ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் என்பார். அரசுப் பள்ளிகளுக்கு உதவுகிறவர்களுக்காக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகவும் கொடுக்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள், எங்கள் பள்ளிக்கு இப்போது முதலில் வேண்டியது பேட்டரி.